யானை பார்க்கும் ஜீப்பும் குளத்து நீர்மட்டமும்

பிற்பகல் இரண்டு மணி ஆனதும் இலங்கையின் ஹபரணை சந்தி சுறுசுறுப்பாகிவிடும். பின்தட்டில் உயரமாக இருக்கைகள் போட்டு, நின்றபடி பார்க்கக் கம்பிகள் வைத்த பிக்கப் ஜீப்புகள் விடுதி வாசல்களில் வந்து நிற்கும். ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: இன்றைக்கு யானை எங்கே நிற்கிறது? மின்னேரியாவா, கவுடுல்லவா, ஹுருலுவா? மூன்று காடுகளும் ஒன்றுக்கொன்று பக்கம். முதல் இரண்டும் தேசியப் பூங்காக்கள். மூன்றாவது வனத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. யானைகளுக்கு இந்த நிர்வாகப் பிரிவினை எதுவும் தெரியாது. புல்லும் தண்ணீரும் இருக்கும் பக்கம் அவை போகின்றன. ஜீப்புகள் பின்னாலேயே போகின்றன.

இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்களில் இந்தியர்களே இப்போது அதிகம். அவர்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் கணிசமாக இருக்கின்றன. காலையில் சிகிரியா ஏறிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் யானை சஃபாரி, மறுநாள் பொலன்னறுவை அல்லது கண்டி என்பது பயண முகவர்கள் போட்டுக் கொடுக்கும் வழக்கமான திட்டம். இந்த அரை நாள் வீண்போவதில்லை. ஆசிய யானைகள் திறந்த வெளியில் இவ்வளவு பெரிய கூட்டமாகச் சேரும் இடம் உலகில் வேறு இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் ஜீப்பில் ஏறுகிறவருக்கு என்ன காட்சி கிடைக்கும் என்பதை முடிவுசெய்வது ஓட்டுநரின் திறமையோ அதிர்ஷ்டமோ மட்டுமில்லை. எத்தனை வண்டிகளை உள்ளே விடுவது, குளத்தில் எவ்வளவு நீரைத் தேக்குவது என்ற இரண்டு முடிவுகள் அரசு அலுவலகங்களில் எடுக்கப்படுகின்றன. இரண்டிலும் யானையின் தேவை கடைசியாகத்தான் எண்ணப்படுகிறது.

மின்னேரியாப் பூங்காவிலுள்ள நீர்ப்பரப்பு இயற்கை ஏரி இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அனுராதபுரத்திலிருந்து ஆண்ட மகாசேன மன்னன் வெட்டிய பாசனக் குளம் அது. அம்பன் கங்கையின் நீர் எலஹெரக் கால்வாய் வழியாக அங்கே வந்து சேர்கிறது. அந்த ஊர்க்காரர்கள் மகாசேனனை மின்னேரியாத் தெய்வமென்று இன்றும் கும்பிடுகிறார்கள். குளத்தையும் அதைச் சுற்றிய காட்டையும் சேர்த்து ஏறக்குறைய 8,900 ஹெக்டேர் பரப்பு 1997-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

வறண்ட பருவத்தில் சிறுபோக நெல்லுக்கு மதகு திறக்கத் திறக்க, குளம் உள்வாங்கும். நீர் விலகிய சேற்றுத் தரையில் சில நாட்களிலேயே இளம்புல் தளிர்க்கும். சுற்றியுள்ள காடு அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். வளர்ந்த யானை ஒரு நாளைக்குத் தின்பது ஏறக்குறைய 150 கிலோ தீவனம். நாளின் பெரும்பகுதி அதற்குத் தீனி தேடுவதிலேயே போகிறது. அடர்ந்த காட்டுக்குள் மரம் இருக்கும், புல் குறைவு. ஆகவே ஜூலை தொடங்கி அக்டோபர் வரை, சுற்று வட்டாரக் காடுகளின் மந்தைகளெல்லாம் இந்தக் குளத்தின் அடிப்பரப்பை நோக்கி வருகின்றன. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஒரே மாலையில் இருநூறு, முந்நூறு யானைகள் நின்ற காலம் உண்டு. பெண்யானைகள் கன்றுகளை நடுவில் விட்டுச் சுற்றி நிற்கும். இத்தனை பெண்யானைகள் ஒரே இடத்தில் கிடைப்பதால் மதம் கொண்ட ஆண்யானைகளும் தேடி வரும். அந்த ஆண்களில் தந்தம் உள்ளவை அபூர்வம். இலங்கை ஆண்யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருப்பதில்லை. குருவாயூர் யானைகளின் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்.

ஆக, இந்தப் பெருங்காட்சியைக் காடு தனியாக உண்டாக்கவில்லை. நெல் விளைவிக்க மனிதன் நீர் எடுத்ததால் யானைக்குப் புல் கிடைத்தது. விவசாயியும் யானையும் அறியாமலேயே பல நூற்றாண்டுகளாக ஒத்துப்போன ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டில்தான் இப்போது விரிசல் விழுந்திருக்கிறது. அம்பன் கங்கையின் குறுக்கே கட்டப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 ஜனவரியில் திறக்கப்பட்டது. மகாவலித் திட்டத்தின் பெரிய கட்டுமானங்களில் அதுவும் ஒன்று. வறட்சியிலும் வயலுக்கு நீர் என்ற அதன் நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. வட மத்திய மாகாண விவசாயி பட்ட பாட்டுக்கு அது காலம் தாழ்ந்து வந்த உதவி. ஆனால் அங்கிருந்து நீர் வந்துகொண்டே இருப்பதால், முன்பு வற்ற வேண்டிய மாதங்களில் மின்னேரியா நிறைந்தே நிற்கும் ஆண்டுகள் வந்துவிட்டன. குளம் நிறைந்திருந்தால் புல்வெளி நீருக்கடியில். அந்த ஆண்டுகளில் மந்தைகள் சிதறிப் போனதையும், எலும்பு தெரியும் யானைகள் கண்ணில் பட்டதையும் வழிகாட்டிகளும் சூழலியலாளர்களும் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். ஓட்டுநர்கள் கவுடுல்லவுக்கும் ஹுருலுவுக்கும் போன் போட்டுக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குத் தீர்வு அணையை மூடுவதாக இருக்க முடியாது. இலங்கையில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி, எந்தத் தேதியில் எவ்வளவு நீர் திறப்பது என்று முடிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. மின்னேரியா குறித்த கூட்டத்தில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு வெறும் பார்வையாளர் நாற்காலி போதாது. முடிவில் பங்கு வேண்டும். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே குளத்தின் ஓரப் பரப்பு எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்று ஓர் அளவு வைத்து, மிச்ச நீரை வேறு குளங்களில் நிறுத்தலாம். யானையைக் காட்டி டாலரில் நுழைவுக் கட்டணம் வாங்கும் அரசு, அந்த யானையின் தீவனத்துக்காக இந்தக் கணக்கைப் போடுவது நியாயமான எதிர்பார்ப்புதான்.

இனி ஜீப்புகள்.

மாலை நான்கு மணிக்கு மேல் காட்டோரத்திலிருந்து ஒரு மந்தை வெளியே வரும். முதலில் பார்த்த ஜீப் நிற்கும். ஐந்து நிமிடத்தில் பத்து ஜீப், பதினைந்து நிமிடத்தில் அரைவட்டம். மந்தை நீரை நோக்கிப் போக வேண்டும், வழியில் வண்டிகள் நிற்கின்றன. தலைவி தும்பிக்கை நுனியைத் தூக்கி மோப்பம் பிடிக்கிறாள், காதை விரிக்கிறாள், தின்பதை நிறுத்துகிறாள். 'போஸ் கொடுக்கிறது பார்' என்று ஜீப்பிலிருந்து ஒரு குரல் வரும். உடவளவைப் பூங்காவில் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் பக்கத்தில் இருக்கும்போது யானைகள் தீனியை விட்டுவிட்டு எச்சரிக்கை, அச்சம், பதற்றம், சீற்றம் ஆகியவற்றைக் காட்டுவது கூடுகிறது என்று அது பதிவுசெய்தது. வறட்சியில் அரைவயிற்றோடு வரும் விலங்குக்கு ஒரு மாலைத் தீனி கெடுவது சின்ன விஷயமில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் மோசம்.

இதற்கெல்லாம் ஓட்டுநரைத் திட்டுவது எளிது. அவர் நிலையை யோசித்தால் வேறு மாதிரித் தெரியும். அவருடைய வருமானத்தில் ஒரு பகுதி, பயணத்தின் முடிவில் கையில் வைக்கப்படும் அன்பளிப்பு. யானை பக்கத்தில் வந்தால் தாள் பெரிது. தூரத்தில் நின்றால் சில்லறை, கூடவே இணையத்தில் ஒரு நட்சத்திரம் குறைவு. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் 'இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கள்' என்கிறார். பக்கத்து ஜீப் முன்னேறுகிறது. இந்த நிலையில் ஒதுங்கி நிற்கும் ஓட்டுநர் தன் பிழைப்பைத்தான் இழக்கிறார். விதிமுறைப் பலகைகள் எத்தனை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாதவரை அரைவட்டமும் மாறாது.

மாற்றக்கூடியது வாசலில் இருக்கிறது. ஒரு மாலைக்கு இத்தனை வண்டி என்ற உச்சவரம்பு, முன்பதிவு, நேரம் பிரித்து அனுப்புவது, மந்தையருகே ஒரே சமயத்தில் நிற்கும் ஜீப்புகளுக்கு எண்ணிக்கை, மீறினால் வண்டியின் அனுமதி சில வாரங்களுக்கு ரத்து. இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பில்லை. முதுமலைத் தெப்பக்காட்டில் வனத்துறை தன் வண்டிகளிலேயே ஆட்களை ஏற்றிச் செல்கிறது. அந்தச் சவாரியில் காட்சி குறைவு, அலுப்பு அதிகம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறையும் உண்மைதான். ஆனால் யானையை வண்டிகள் வளைத்து நிற்பதை அங்கே பார்க்க முடியாது. ஹபரணையில் ஜீப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. அரசு வண்டி மட்டும் என்ற முறையை அங்கே திணித்தால் அவர்கள் தெருவுக்கு வருவார்கள். அதனால் ஜீப்பை அவர்களிடமே விட்டு, எண்ணிக்கையை மட்டும் கட்டுவதுதான் பொருந்தும். முறை வைத்து ஓடினால் எல்லோருக்கும் ஓட்டம் கிடைக்கும்.

யானைக்குத் தின்பண்டம் கொடுப்பது ஜீப்புகள் நெருக்குவதைவிட ஆபத்தானது. யால தேசியப் பூங்காவில் கெமுனு என்ற தந்த யானை, ஜீப்புக்குள் தும்பிக்கையை விட்டு உணவைத் துழாவுவதற்கே பேர் போனது. உடவளவையில் நீர்த்தேக்கக் கரைச் சாலையோர மின்வேலிக்கு உள்ளே நின்று வாழைப்பழத்துக்குக் காத்திருந்தே ராம்போ என்ற ஆண்யானை பிரபலமானது. புத்தள–கதிர்காமம் சாலையில் வண்டிகளை மறித்து நிற்கும் யானைகளைப் பாதயாத்திரை போகிற பக்தர்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் பழத்தைக் கொடுத்தவர் செல்பியோடு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். பழகிய யானை சாலையில் நிற்கிறது. ஒருநாள் வெறுங்கையோடு வந்த மோட்டார் சைக்கிள்காரர்மீது அது கோபத்தைக் காட்டுகிறது. பிறகு அதற்கு முரட்டு யானை என்று பெயர்.

பூங்காவுக்கு வெளியே நடப்பதை ஜீப் பயணி பார்ப்பதில்லை. இலங்கையில் 2011-இல் எண்ணியபோது 5,879 காட்டு யானைகள். 2024 கணக்கெடுப்பில் 7,451. எண்ணிக்கை நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் 2023 என்ற ஒரே ஆண்டில் 470-க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. யானை தாக்கி 170-க்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். துப்பாக்கிச் சூடு, திருட்டு மின்சாரம், பழத்துக்குள் வெடி வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' எனக் காரணங்கள் பல. தமிழ்நாட்டில் அவுட்டுக்காய் என்று சொல்லப்படுவதும் அதுவே. 2025 பிப்ரவரி 20 அதிகாலையில், இந்தப் பூங்காக்களுக்கு அருகிலேயே, மட்டக்களப்புத் தடத்தில் ஓடும் ரயில் மந்தைமீது மோதியதில் குறைந்தது ஆறு யானைகள் இறந்தன. சஃபாரியில் படம் எடுக்கப்பட்ட யானைகளாகக்கூட அவை இருந்திருக்கலாம்.

இலங்கை யானைகளின் வாழிடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மனிதர்களும் குடியிருக்கும் நிலம். யானை ஆராய்ச்சியாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்வது இதைத்தான்: யானைகளைப் பூங்காவுக்குள் விரட்டி வேலி போட்டால், உள்ளே தீவனமின்றி மெலிகின்றன, வெளியே மோதலும் ஓய்வதில்லை. வேலியைக் காட்டின் எல்லையில் போடாமல் ஊரைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும் போடுவது பலன் தருகிறது. அதைக் கிராமத்தாரே பராமரிக்கிறார்கள். அவர் தலைமையிலான குழு 2020 டிசம்பரில் கொடுத்த தேசியச் செயல்திட்டமும் இதையே பரிந்துரைத்தது. நடைமுறைதான் தவழ்கிறது. வேலிக்குப் பணம் இல்லை என்று ஒரு பக்கம் பேச்சு. பூங்கா வாசலில் வெளிநாட்டவர் டாலர் கணக்கில் கட்டுவது இன்னொரு பக்கம். இரவு முழுக்கக் காவல் குடிலில் விழித்திருக்கும் விவசாயிக்கு அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு வேலியாகப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் பூங்காவின் யானை அவருக்கும் ஒரு வகையில் வேண்டப்பட்டதாகும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று பயணியிடம் உண்டு. ஜீப்பில் ஏறும்முன், விடுதி வாசலிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: 'அண்ணா, கிட்டப் போக வேண்டாம். யானைக்கு வழிவிட்டு நிறுத்துங்கள். தூரத்தில் பார்த்தாலும் உங்களுக்குக் கொடுப்பதில் குறை வராது.' சொன்னபடி கொடுங்கள். பைனாகுலர் ஒன்று கொண்டுபோங்கள்; பழமும் பிஸ்கட்டும் வேண்டாம். மந்தையைச் சுற்றி ஜீப்புகள் நெருக்கும்போது உங்கள் ஓட்டுநர் பின்வாங்கினால், இணையத்தில் எழுதும் மதிப்புரையில் முதல் வரியிலேயே அதைப் பாராட்டி எழுதுங்கள்.