இங்கே குளிக்கத் தடை: யாரைக் காக்கும் பலகை?

மெரினாவில் அலை இழுத்துச் சென்ற இளைஞர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் அதன் கடைசிப் பத்தியில் ஒரு தகவல் தவறாமல் இடம்பெறும். அங்கே குளிக்கத் தடை இருக்கிறது, எச்சரிக்கையையும் மீறி இறங்கியிருக்கிறார்கள் என்பதே அது. வாசிக்கும் நமக்கு அதில் ஒரு நிம்மதி. குற்றவாளி இறந்தவனே, வழக்கு முடிந்தது. அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் இப்படியொரு செய்தியைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், "திமிர் சார். போர்டு வெச்சிருக்கான்ல, படிக்கத் தெரியாதா?" என்றார். படிக்கத் தெரியும். கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். நீந்தத்தான் எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

போடிநாயக்கனூரில் இருப்பவனுக்குக் கடலோடு என்ன வழக்கு என்று நீங்கள் கேட்கலாம். 2010-ன் இறுதியில் நின்றுபோன எங்கள் ரயில் 2023 ஜூனில் அகலப்பாதையில் திரும்ப வந்தது. சென்னை சென்ட்ரல் வரைக்கும் போகிறது. இரவு ஏறினால் காலையில் சென்னை. வேலைக்கான நேர்காணல், தேர்வு, மாமா வீட்டுத் திருமணம் என்று போகிற எங்கள் பிள்ளைகள் அன்று மாலையே மெரினாவில் நிற்கிறார்கள். பிறந்ததிலிருந்து மலையை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் முதன்முறையாகக் கடல்முன் நிற்கையில், அவனுக்கும் தண்ணீருக்கும் இடையே இருப்பது அந்தப் பலகை ஒன்றுதான்.

ஆண்டுதோறும் வகுப்பில் புறநானூற்றின் 243ஆம் பாடலை நடத்துகிறேன். தடியூன்றி இருமும் கிழவர் ஒருவர், மருத மரக்கிளையேறி மடுவில் குதித்து அடிமணல் அள்ளிவந்த தம் இளமையை நினைத்து ஏங்கும் பாடல். சென்ற ஆண்டு பாடம் முடிந்ததும் கேட்டேன்: உங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? ஐம்பத்திரண்டு பேரில் ஏழு கைகள் உயர்ந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. முன்வரிசை மாணவி ஒருத்தி, "கெணத்துப் பக்கமே எங்களை விடமாட்டாங்க சார்" என்றாள். அப்பாடலுக்கு நயம் எழுதி அவர்கள் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பரிபாடலில் வையைப் புனலாட்டும் அப்படியே. அந்த வையையில் கலக்கும் கொட்டகுடி ஆறு எங்கள் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. அதில் இறங்கத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் நான் புனலாட்டு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

பழைய பொற்காலம் பாடுவதாக எண்ண வேண்டாம். ஆட்டனத்தியைப் புனல் கொண்டுபோன கதையும் நம்முடையதுதான். ஆனால் என் தலைமுறைக்குத் தோட்டத்துக் கிணறு இருந்தது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்பில் கயிறு சுற்றி, சித்தப்பா ஒருவர் மேலே நின்று பிடித்துக்கொள்வார். பத்து நாளில் குடுக்கை போகும். பிறகு கயிறும் போகும். ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. பழைய கிணறுகள் வற்றின, சில குப்பைக்குழிகளாயின. அந்தச் சித்தப்பாவின் இடத்தில் யாரை அமர்த்தினோம்? ஒரு தகரப் பலகையை.

கிணற்று நீச்சல் கடலுக்குப் போதாது என்பது மெய்யே. கரைநோக்கி வந்து குவியும் நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே தாழ்ந்த இடத்தைப் பார்த்து, அதன் வழியே அது ஒருசேரப் பாய்கிறது. அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. ஆகவே சுற்றிலும் நுரைக்கும் கடலில் அதுதான் அமைதியான இடமாகத் தோன்றும். அஞ்சுகிறவன் அதையே தேர்ந்தெடுப்பான்! சில வேளைகளில் வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடும் அந்த நீரை எதிர்த்துக் கரைக்கு நீந்த முயன்றால் தேர்ந்த நீச்சல்காரனும் சோர்ந்து மூழ்குவான். அதை எதிர்க்காமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். இவ்வளவுதான் செய்தி. ஒரு பலகையில் எழுதப் போதுமான அளவுதான். நம் பலகைகளோ ஆபத்து என்று சொல்லும். என்ன ஆபத்து, அது எந்த இடத்தில் என்று சொல்வதில்லை.

எல்லாத் தடையும் வேண்டாம் என்பது என் கட்சியன்று. பெரியகுளத்தருகே கும்பக்கரையிலும், கம்பத்தருகே சுருளியிலும் நீர்வரத்து மிகும்போது வனத்துறை குளிக்கத் தடை விதிக்கிறது. வெள்ளம் வடிந்ததும் நீக்குகிறது. இதை ஊர் மதிக்கிறது. காரணம் எளிது: அந்தத் தடைக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் இன்று காலை தண்ணீரைப் பார்த்திருக்கிறார். காணும் பொங்கலன்று மெரினாவில் தடுப்பு கட்டிக் காவலர் நிற்பதும் அவ்வகையே. ஆண்டு முழுதும், அலை அடங்கிய நாளிலும் கொந்தளிக்கும் நாளிலும், ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும் பலகை வேறு வகை. அது தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. நாளை கேள்வி வந்தால் காட்டுவதற்காக நடப்பட்ட ஆவணம் அது. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். கடலைப் பார்த்து உலாவுவதற்கான சாலை! இன்றைக்கும் நமக்குச் சட்டப்படி கிடைத்திருப்பது பார்க்கும் உரிமை மட்டுமே.

எங்கள் மலையில் நடந்ததைச் சொல்கிறேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினர். 23 பேர் இறந்தனர். அன்றும் இதே பேச்சுதான்: அனுமதி பெறாமல் போனார்கள், ஏன் போனார்கள்? ஆனால் அரசு அதோடு நின்றுவிடவில்லை. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 தடங்களை, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு, கட்டணமும் முன்பதிவும் வைத்துத் திறந்தது. குரங்கணி-சாம்பலாறு தடமும் அவற்றில் ஒன்று. மனிதர்கள் மலையேறத்தான் செய்வார்கள் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்களைக் காக்கும் வழி பிறந்தது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்த ஒப்புதலுக்கு ஏன் இத்தனை தயக்கம்?

முடியாது என்பவர்களுக்கு நம் கடற்கரையிலேயே பதில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. குளிப்பதற்கென்று எல்லை வகுத்து, உயிர்காப்பாளரை நிறுத்துவது அங்கே நடைமுறை. கடல் அதே வங்கக்கடல்தான். மெரினாவிலும் 2022-ல் உயிர்காக்கும் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. மீனவர்களைத் துணைக்கொண்டது நல்ல காரியம். ஆனால் குளிக்கவே கூடாத இடத்தில் காப்பாற்ற மட்டும் ஆள் என்பது விந்தையான ஏற்பாடு. இந்த இடத்தில் இறங்கு, அந்த இடத்தில் இறங்காதே என்று அவர்களால் சொல்ல முடியாது. சொன்னால் தடையை மீறத் தூண்டியதாகும்.

ஆஸ்திரேலியாவின் மேன்லி கடற்கரையில் பகலில் குளிக்கச் சட்டம் தடுத்திருந்தது (உயிருக்கு அஞ்சியன்று, மானத்துக்கு அஞ்சி). 1902-ல் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர் தம் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் இறங்கினார். மறு ஆண்டே தடை தளர்ந்தது. கூட்டம் பெருகியது. ஆபத்தும் பெருகியது. அப்போது அவர்கள் பழைய தடைக்குத் திரும்பவில்லை. கயிறும் உருளையும் வைத்துக்கொண்டு தன்னார்வ உயிர்காப்புச் சங்கங்களை அமைத்தார்கள். 1907-ல் அவை ஒரு கூட்டமைப்பாயின. இன்று அந்நாட்டில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே குளி என்பது குழந்தைக்கும் தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கொடிகள் வேறு.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் பலகையைத் தாண்டிப் போனவர்கள்? எங்கள் மலைச்சரிவு ஏலத்தோட்டங்களில் பாசனத்துக்காகப் படுதாக்குளம் வெட்டியிருப்பார்கள். குழிதோண்டி பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு நீர் தேக்குவது. தவறி விழுந்தால் வழுக்கும் அந்தச் சரிவில் கைக்குப் பிடி கிடைக்காது. நீந்தத் தெரிந்தவனுக்கே ஏறுவது பாடு. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் காய் எடுக்கப் போகும் பெண்கள் அதன் ஓரமாகத்தான் நாள் முழுதும் நடக்கிறார்கள். அங்கே எந்தத் திமிரைக் குற்றம் சொல்வோம்? பள்ளிக் குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறது. வங்கதேசம் 2022-ல் அதற்கென்று அரசுத் திட்டமே ஏற்றது. நம் பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்கிறார். கல்லூரியில் நாங்கள் செய்வதும் அதுவே.

முந்தலுக்குப் போகும் வழியில் என் பள்ளித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் படிக்கட்டு வைத்த கிணறு இன்னும் இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் இரண்டு ஆள் ஆழம் நிற்கும். கேட்டேன். "பொம்பளப் பிள்ளைகளுக்கு எங்க வீட்டுக்காரி கூட நிப்பா, கூட்டிட்டு வாங்க" என்றார். இரண்டு லாரி டியூபும் நாற்பதடிக் கயிறும் வாங்கி வைத்திருக்கிறேன். பெற்றோரின் கையெழுத்துக் கேட்டுக் கடிதம் கொடுத்தனுப்பினேன். இதுவரை பதினொன்று திரும்பி வந்திருக்கின்றன; நான்கு பெண்களுடையவை. கல்லூரி நிர்வாகத்தின் அனுமதிதான் இன்னும் வரவில்லை.