ஆமதாபாத்தின் வாசல்கள்

ஊர் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கண்ணால் ஊர் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். வாயால் ஊர் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். நாம் எந்த ரகம் என்பதை நேயர்கள் நன்கு அறிவார்கள். ஆகையால், ஒரு நாள் அதிகாலையில் ஆமதாபாத் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நாம் முதலில் விசாரித்தது கோயிலைப் பற்றியுமல்ல, கோட்டையைப் பற்றியுமல்ல. காலைப் பலகாரத்தைப் பற்றித்தான்.

கிடைத்தது பாப்டாவும் ஜிலேபியும். கடலை மாவைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் நீளமாகத் தேய்த்து எண்ணெயில் பொரித்தெடுப்பது பாப்டா. பப்பாளிக்காய்த் துருவலும் பொரித்த பச்சை மிளகாயும் அதற்குத் துணை. உப்பும் உறைப்புமான இதைக் கடித்த கையோடு, பாகு சொட்டும் ஜிலேபியையும் வாயில் போட்டுக் கொள்ள வேண்டுமாம். இது சுத்த அதர்மம் என்று நமக்குத் தோன்றிற்று. மூன்றாவது ஜிலேபியில் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக் கொண்டோம்.

சுல்தான் அகமது ஷா இந்நகரை நிர்மாணித்தது 1411-ல். 2017-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதன் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இந்தியாவில் அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் நகரம் இதுதான். பழைய நகரைச் சுற்றி ஒரு காலத்தில் மதில் இருந்தது. மதிலில் பெரும்பகுதி போய்விட்டது. வாசல்கள் மட்டும் பல இடங்களில் நிற்கின்றன. மதில் போன பிறகு வாசலுக்கு என்ன வேலை என்று நமக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் இந்த ஊரின் கதை முழுவதுமே வாசல்களின் கதைதான் என்பது போகப் போகத் தெரிந்தது.

நகரசபையார் 1997-ல் ஆரம்பித்த காலை நடை ஒன்று உண்டு. அது 1822-ல் கட்டப்பட்ட சுவாமிநாராயணர் கோயிலில் தொடங்கி, 1424-ல் கட்டப்பட்ட ஜும்மா மசூதியில் முடிகிறது. தேக்கு மரத்தில் யானையும் மயிலும் கிளியும் கொஞ்சும் கோயிலில் புறப்பட்டு, இருநூற்று அறுபது தூண்கள் நிற்கும் மசூதியில் போய்ச் சேருவதற்கு இடையில், போள் என்று சொல்லும் சந்துகளுக்குள் புகுந்து புறப்பட வேண்டும்.

போள் என்பது வெறும் தெரு அல்ல; தெருவுக்குள் ஒரு சிறு ஊர். முகப்பில் பெரிய மரக்கதவு. கதவுக்கு மேலே காவற்காரனுக்கு ஓர் அறை. உள்ளே தோளோடு தோள் இடிக்கும் மர வீடுகள், சொந்தக் கோயில், பொதுக் கிணறு. நடுவில் ஒற்றைக் காலில் நிற்கும் பறவைக் கூண்டு ஒன்று. அதைச் சபூத்ரோ என்கிறார்கள். உண்மையில் அது கூண்டு அல்ல, பறவைகளுக்கான அன்னசத்திரம். மரங்களை வெட்டி வீடு கட்டிவிட்டோமே, பட்சிகள் எங்கே போகும் என்று பச்சாத்தாபப்பட்டவர்கள் கட்டி வைத்ததைப் போல் இருந்தது.

ஒரு வீட்டின் முன்னால் நின்று தூணில் இருந்த செதுக்கு வேலையை நாம் அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தோம். வயது எழுபதுக்குக் குறையாத அம்மாள் ஒருத்தி உள்ளேயிருந்து "ஆவோ, ஆவோ!" என்று அழைத்தாள். முற்றத்தில் இருந்த ஒரு சிறு கல் மூடியைக் காட்டினாள். கீழே நிலவறை போன்ற ஒரு தொட்டி. கூரையில் விழும் மழை நீர் குழாய் வழியாக அதில் இறங்கும். வெயில் படாமல் வருஷம் முழுவதும் கெடாதிருக்கும் என்று ஜாடையும் ஹிந்தியும் கலந்து விளக்கினாள். பிறகு பித்தளைத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டோம். நதிக்கு அக்கரையில், புது நகரத்தில் என்று கையைக் காட்டினாள். மோட்டார் வண்டி நுழையாத சந்தில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்? அந்தச் சந்தில் பூட்டிய வீடுகள் இன்னும் சில கண்டோம்.

கொள்ளைக்கும் கலகத்துக்கும் பயந்துதான் இந்த வாசல்களை வைத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அவை அபயம். ஆனால், ஒரே ஜாதியாரும் ஒரே தொழிலாரும் சேர்ந்து குடியிருந்த போளின் கதவு, வெளியே இருந்தவனுக்கு "நீ அந்நியன்" என்று நாள்தோறும் சொல்லிக் கொண்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. 1969-லும் 2002-லும் இந்நகரம் மதக் கலவரத்தில் பற்றி எரிந்தது. உள்ளத்தில் அடைத்த கதவை எந்த நகரசபை வந்து திறக்கும்?

அத்தகைய கதவுக்கு முன்னால் போய் நின்ற இருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வசந்தராவ் ஹெகிஷ்டே, ரஜப் அலி லாகானி என்பது அவர்கள் பெயர். இருவரும் காங்கிரஸ் சேவாதளத் தொண்டர்கள், இணைபிரியாத நண்பர்கள். 1946 ஜூலை 1-ந் தேதி, ரத யாத்திரை தினத்தன்று கலவரம் மூண்டது. ஜமால்பூரில் வெறிகொண்ட கூட்டத்தைத் தடுக்கச் சென்ற இருவரும் கொல்லப்பட்டார்கள். ஒருவர் ஹிந்து, ஒருவர் முஸ்லிம். ஆமதாபாத்தில் அவர்களுடைய பெயர்களைப் பிரித்துச் சொல்லும் வழக்கம் இல்லை. "வசந்த்-ரஜப்" என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

பகலில் ஒரு போஜன விடுதியில் தாலிச் சாப்பாடு. பருப்பில் வெல்லம் போட்டிருந்தது. ரசம் என்று எண்ணி அதைச் சாதத்தில் ஊற்றிக் கொண்ட தமிழனுடைய மனநிலையை வர்ணிக்க வேண்டியதில்லை. மோர்தான் நம்மைக் காப்பாற்றியது.

மாலையில் தீன் தர்வாஜாவுக்குப் போனோம். மூன்று வளைவுகள் கொண்ட பழைய ராஜ வாசல் அது. இப்போது அதைச் சுற்றிலும் வளையல், செருப்பு, துணிக் கடைகள். இந்த வாசலைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு நாள் இரவு லக்ஷ்மி தேவி நகரை விட்டுப் புறப்பட்டு வாசலுக்கு வந்தாளாம். காவலன் ஒரு முஸ்லிம். "அரசரிடம் உத்தரவு பெற்று வருகிறேன், அதுவரை போகலாகாது" என்று கேட்டுக் கொண்டு உள்ளே சென்றவன், தான் திரும்பாவிட்டால் தேவி போக மாட்டாள் என்று எண்ணித் தன் உயிரையே விட்டுவிட்டானாம். கதை கிடக்கட்டும். வாசலின் மாடத்தில் லக்ஷ்மிக்காக ஒரு விளக்கு எரிகிறது. அதை ஏற்றி வருவது தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பம். இது கதை அல்ல.

அதே வாசலில் 1812-ல் மராட்டிய அதிகாரி ஒருவர் வெட்டி வைத்த கல்வெட்டும் இருக்கிறது. தகப்பன் சொத்தில் பெண்ணுக்கு உரிய பங்கைத் தடையின்றிக் கொடுக்க வேண்டும்; மீறுகிற ஹிந்து மகாதேவருக்கும், முஸ்லிம் அல்லாவுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். வளையல் பேரம் பேசிக் கொண்டிருந்த பெண்மணிகளிடம் இதை எடுத்துச் சொல்ல ஆசையாக இருந்தது. குஜராத்தி வராததால் பிழைத்தோம்.

இரவு மாணேக் சௌக். காலையில் காய்கறிச் சந்தையாகவும், பகலில் தங்க வெள்ளிக் கடைத்தெருவாகவும் இருக்கும் இடம், இரவு ஒன்பது மணிக்கு மேல் சாப்பாட்டுக் கடலாக மாறுகிறது. ஒரு கடையில் தோசையைக் கண்டு, உறவினரைக் கண்டாற்போல் ஓடினோம். அதன் மேல் வெண்ணெய்க் கட்டியும், பாலாடைக்கட்டித் துருவலும் மலையாகக் குவிந்திருந்தன. உறவினர்தான், ஆனால் ஊர் மாறி, உடை மாறி, உடம்பும் பெருத்துப் போயிருந்தார். விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. முழுவதும் சாப்பிட்டோம்.

மறுநாள் சபர்மதி ஆசிரமம். 1930 மார்ச் 12-ந் தேதி எழுபத்தெட்டுத் தொண்டர்களோடு காந்தி மகான் உப்பு எடுக்கப் புறப்பட்டது இங்கிருந்துதான். சுயராஜ்யம் வராமல் திரும்புவதில்லை என்று சொல்லிப் போனவர் அப்புறம் இங்கே வந்து வசிக்கவே இல்லை. இந்த இடத்தைக் காணாத யாத்திரிகர் இல்லை. அதற்கு முந்திய கோச்ரப் பங்களாவைக் காண்பவர்கள் சிலரே. நாம் அங்கும் போனோம்.

1915 மே 25-ல் ஆசிரமம் முதன்முதலில் ஆரம்பமானது கோச்ரப்பில்தான். அன்று அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய இருபத்தைந்து பேர். அவர்களில் பதின்மூன்று பேர் தமிழர்கள். படித்தபோது நமக்குத் தலை சற்று நிமிர்ந்தது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சில மாதங்களில் தூதாபாய் என்ற ஹரிஜன ஆசிரியர், மனைவியோடும் தத்தித் தத்தி நடக்கும் பெண் குழந்தையோடும் ஆசிரமத்தில் வந்து சேர்ந்தார். கிணற்றில் நீர் இறைப்பவன் தீட்டு என்று ஏசினான். உள்ளேயே சிலருக்கு முகம் சுளித்தது. பண உதவி அடியோடு நின்றுபோயிற்று. ஹரிஜனங்கள் வசிக்கும் சேரிக்கே குடிபோய்விடலாம் என்று காந்திஜி நினைத்திருந்த சமயம், ஒரு நாள் வாசலில் மோட்டார் ஊதல் கேட்டது. வந்தவர் ஒரு சேட். உள்ளே வரவில்லை. வெளியே சென்ற காந்திஜியின் கையில் பதின்மூவாயிரம் ரூபாய் நோட்டுகளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நம்மவர் பதின்மூன்று பேர் அங்கே இருந்தார்கள் என்று நிமிர்ந்த தலை, நம் ஊர்த் தெருக்கள் எத்தனை பேருக்கு எத்தனை காலம் அடைபட்டிருந்தன என்று எண்ணியபோது தானாகக் குனிந்தது.

வாசலைத் தாண்டி வெளியே வரும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. தகப்பனார் கையைப் பிடித்துக் கொண்டு அந்த வாசலுக்குள் வந்த குழந்தையைப் பின்னர் காந்திஜி தம் சொந்த மகளாகவே ஏற்றுக் கொண்டார். அந்தக் குழந்தையின் பெயர் லக்ஷ்மி.