சீருடைக்குப் பணியாத கறுப்பாடை

போஸ்னியாவை நம் சமுதாயம் மறந்துவிடவில்லை. ஐ.நா. சபை 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில், 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். அது இனப்படுகொலையே என்று 2007ல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இதெல்லாம் நாம் அறிந்ததுதான். ஆனால் அந்தக் கொலைப்படைக்குப் பணமும் ஆயுதமும் தந்த செர்பியாவின் தலைநகரிலேயே, போரை எதிர்த்து வீதியில் நின்ற பெண்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1991 அக்டோபர் 9 அன்று பெல்கிரேடில் சில பெண்கள் கறுப்பாடை அணிந்து மவுனமாக நின்றார்கள். இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை எதிர்த்து 1988ல் ஜெருசலத்தில் யூதப் பெண்கள் தொடங்கிய போராட்ட முறை அது. 'கறுப்பாடைப் பெண்கள்' என்பதே இரு இயக்கங்களுக்கும் பெயர். மிலோசெவிச் அரசு இளைஞர்களைக் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்பியபோது, போக மறுத்தவர்களுக்கும் படையைவிட்டு ஓடிவந்தவர்களுக்கும் இவர்கள் துணை நின்றார்கள். துரோகிகள் என்ற பட்டம் கிடைத்தது. வழிப்போக்கர்கள் எச்சில் உமிழ்ந்தார்கள். அவர்கள் நகரவில்லை.

"பெண்களைக் காக்கவே போர்" என்கிறது அரசு. போஸ்னியாவில் நடந்தது என்ன? ஃபோச்சா நகரில் முஸ்லிம் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டுச் சீரழிக்கப்பட்டனர். 2001ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று தண்டித்தது. ராணுவ வெறி முதலில் பெண்ணையே பலிகொள்ளும் என்று அந்தப் பெண்கள் சொன்னது பொய்யாகவில்லை.

தாக்கப்படுபவனுக்குத் தற்காப்பு உரிமை இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. முற்றுகையிடப்பட்ட சரயேவோ மக்கள் ஆயுதம் ஏந்தியதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அண்டை வீட்டாரை அழிக்க இளைஞனைப் பிடித்து இழுத்துச் செல்வது தற்காப்பு அல்ல. அந்த உத்தரவுக்குப் பணிய மறுப்பது கோழைத்தனமும் அல்ல.

செர்பியாவில் 2011ல் கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்பட்டது. 2024ல் அதை 75 நாள் பயிற்சியாக மீண்டும் கொண்டுவர அதிபர் வூசிச் ஒப்புதல் தந்தார். இஸ்ரேலிலோ ஆண், பெண் இருபாலாருக்கும் கட்டாய சேவை. அங்கே 1998 முதல் 'நியூ புரொஃபைல்' என்ற பெண்ணிய இயக்கம் இதை எதிர்க்கிறது. காஸா அழிக்கப்பட்டுக் கொண்டிருந்த 2024ல், ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்ற இளம் பெண்ணும் அங்கே உண்டு.

இளைஞர்களே! ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை, நீதி தவற நம்மைத் தூண்டிவிடக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. தன் இனத்தார் செய்தாலும் அநீதியை அநீதி என்று சொல்ல வேண்டும் என்பதும் அதே மார்க்கத்தின் கட்டளைதான். ஸ்ரெப்ரெனிட்சாவில் மாண்ட நம் சகோதரர்களுக்காக ஆண்டுதோறும் பெல்கிரேடில் அந்தப் பெண்கள் நிற்கிறார்கள். நம்மவர் அநீதி செய்யும் நாளில் எழுந்து நிற்கும் துணிவு நமக்கு இருக்கிறதா? கடைவீதியிலும் ஜமாஅத்திலும் இதைப் பேசுவோம்.