ஒளியின் எல்லையும் விரியும் அண்டமும்

ஒலியின் வேகத்தை ஆகாய விமானம் 1947-ஆம் ஆண்டில் கடந்ததுபோல, ஒளியின் வேகத்தையும் மனிதன் ஒருநாள் கடப்பான் என்றும், அதுகாறும் வானத்தை வெறிதே நோக்குவதாற் பயனில்லை என்றும் நம் மாணவ நண்பருட் சிலர் வாதிக்கின்றனர். அவர்தம் ஊக்கத்தை மெச்சுகின்றோம், உவமையை ஒப்புகிலோம். விமானத்துக்கு முன்னரே துப்பாக்கிக் குண்டுகள் ஒலியினும் விரைந்து சென்றன. ஆகவே அது யந்திர நிர்மாணத்தில் நேர்ந்த இடையூறேயன்றி இயற்கையின் விதியன்று. ஒளியின் செய்தி வேறு. ஜினீவா நகரையடுத்து நிலத்தடியில் அமைந்த 27 கிலோமீட்டர் வளையத்திலே புரோட்டான் என்னும் நுண்துகள்களை மேன்மேலும் உந்துகின்றனர். அவற்றின் சக்தி பெருகுகின்றது. வேகமோ விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் என்னும் எல்லையை நெருங்குவதேயன்றி எட்டுவதில்லை.

அங்ஙனமாயின், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் ஒளியினும் விரைந்து நம்மைவிட்டு அகல்வது எவ்வாறு என வினவுவர். நல்ல வினாவே. அவை வெளியினூடே அவ்வேகத்தில் ஓடவில்லை. இடையிலுள்ள வெளியே விரிகின்றது. இவ்விரிவை விண்மீன் மண்டலங்களின் ஓட்டத்தோடு பொருத்தி 1927-இல் உரைத்தவர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்க குருவாகிய லெமேத்தர். 1929-இல் அதனை வெளியிட்ட ஹப்பிளின் பெயரே நெடுங்காலம் வழங்கிற்று. இருவர் பெயரையும் சேர்த்து வழங்குமாறு சர்வதேச வானியற் சங்கம் பரிந்துரைத்தது 2018-இலேதான்! குருமாருக்கு வந்த நீதி சற்றுத் தாமதித்தே வந்தது.

அவ்விரிவு வரவர விரைகின்றது என்பது 1998-இல் வெளியாயிற்று. ஆதலின் ஏறத்தாழ 1,700 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள மண்டலங்களை, இன்று புறப்படும் ஒளியும் என்றும் சென்றடையாது. காணத்தக்க அண்டத்தின் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு அப்பாலேயே உள்ளது. 1977-இல் ஏவப்பெற்ற முதலாம் வாயேஜர் கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் செல்கின்றது. சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள நக்ஷத்திரத்தின் தொலைவைக் கடக்கவே அதற்கு 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும்.

செல்லவியலாத இடத்திலிருந்து புறப்பட்ட பழைய ஒளியோ தானே நம்மிடம் வருகின்றது. அதுவும் என்றென்றும் வாராது. பல்லாயிரங்கோடி ஆண்டுகட்குப்பின் ஏனைய மண்டலங்களெல்லாம் கண்ணுக்கெட்டாது மறைய, அக்காலத்து வான சாஸ்திரி தன் மண்டலமே அண்டம் முழுதும் எனத் துணிவான். அவன் கணிதத்திற் பிழையிராது, சான்றே இராது. அச்சான்று உள்ள காலத்தில் நாம் வாழ்கின்றோம். நம் கல்லூரித் தூரதரிசினியோ உறையிட்டபடியே கிடக்கின்றது. வாரத்தில் ஓரிரவேனும் அதனை மாணவர்க்குத் திறந்துவிடுதல் வேண்டும். கார்த்திகை மாதத்து முன்னிரவில், முகிலில்லையாயின், ஆண்ட்ரோமீடா மண்டலம் மங்கிய புகைபோல் அதிலே தோன்றும். 25 இலட்சம் ஆண்டுகட்கு முன் புறப்பட்ட ஒளி அது.