அழுத்தமானியை யார் சோதிப்பது?

கொதிகலன் ஒன்று வெடித்த பிறகுதான் நாம் கொதிகலன்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். உயிரிழப்பு, நிவாரணம், விசாரணைக் குழு என்று ஒரு வாரம் செய்திகள் வரும், பிறகு அடங்கிவிடும். அந்த ஒரு வாரத்திலும் பேசப்படாத சிறு பொருள் ஒன்று உண்டு. கலனுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை வெளியே நிற்கும் தொழிலாளிக்குச் சொல்லும் அழுத்தமானிதான் அது. தொழிலாளர்கள் அதைக் ‘கேஜ்’ என்பார்கள். சாதாரண வகையின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால், பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள கலனையும் அதைச் சுற்றி நிற்போரின் உயிரையும் காப்பது அதன் முள் சொல்லும் எண்தான்.

இதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கல்வராயன் மலையில் உள்ள கரியாலூரிலிருந்து கீழே இறங்கினால், அடிவாரத்தில் கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. மாவட்டத்தின் மற்றொரு கூட்டுறவு ஆலை மூங்கில்துறைப்பட்டில் உள்ளது. இவற்றைத் தவிர நெல் அவித்து அரைக்கும் அரிசி ஆலைகள் ஏராளம். கரும்புச் சாற்றைக் காய்ச்சுவதும் நெல்லை அவிப்பதும் நீராவியால் நடப்பவை. பெருந்தொழில் நகரங்களில் மட்டுமே அழுத்தக் கலன்கள் இருக்கின்றன என்பது தவறான எண்ணம். விவசாயம் சார்ந்த மாவட்டங்களிலும் அவை வயலுக்குப் பக்கத்திலேயே இயங்குகின்றன.

நெய்வேலி நினைவூட்டுவது

பக்கத்து மாவட்டமான கடலூரில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஓர் அலகின் கொதிகலன் பகுதியில் விபத்து நேர்ந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இரண்டு மாதங்கள்கூட முடியவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் ஐந்தாவது அலகில் மீண்டும் ஒரு விபத்து. அன்றே ஆறு பேர் இறந்தனர். தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்த நாள்களில் உயிரிழந்தனர். மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களே மிகுதி. உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாஹார் அனல்மின் நிலையத்தில் 2017 நவம்பர் 1 அன்று நேர்ந்த விபத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

இந்த விபத்துகளுக்கு ஏதோ ஓர் அழுத்தமானிதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பெரிய விபத்து எதுவும் ஒரே காரணத்தால் நேர்வதில்லை. நான் கேட்க விரும்புவது வேறு: ஆபத்து உருவாகும்போது அதை அறிவிக்க வேண்டிய கருவிகளுக்கு நம் ஆலைகளில் என்ன மதிப்பு இருக்கிறது? அவற்றைப் பொருத்துவதையும் பராமரிப்பதையும் பாதுகாப்புப் பணியாகக் கருதுகிறோமா, அல்லது உதிரிபாகச் செலவாகக் கருதுகிறோமா?

உண்மை சொன்ன முள்ளை நம்பாத இரவு

இந்தக் கேள்விக்கு உலகம் அறிந்த கொடிய விடை போபாலில் இருக்கிறது. 1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் சேமிக்கப்பட்டிருந்த தொட்டியின் அழுத்தம், பணிமுறை மாறுவதற்குச் சற்று முன்பு சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. இரவு 11 மணிக்கு அது 10 பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து மடங்கு உயர்வு. ஆயினும் அது வழக்கமான வரம்புக்குள் இருந்ததால் யாரும் பதறவில்லை. அந்த ஆலையின் கருவிகள் அடிக்கடி தவறாகக் காட்டியதால், அவை சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பழக்கமும் ஊறிப்போயிருந்தது. நள்ளிரவுக்குப் பின் முள் அளவுகோலின் எல்லையையே கடந்தது. அதன் பிறகு நடந்ததை உலகம் அறியும்.

போபாலில் அன்றைய இரவு முள் பொய் சொல்லவில்லை. முன்பு பலமுறை பொய் சொன்ன கருவிகளுக்கு நடுவே இருந்ததால், அது உண்மை சொன்னபோதும் நம்ப ஆள் இல்லை. பராமரிக்கப்படாத கருவியால் விளையும் முதல் கேடு தவறான எண் அன்று. எந்த எண்ணையும் நம்பாத மனநிலைதான். கருவியே இல்லாத இடத்தில் மனிதன் எச்சரிக்கையாகவாவது இருப்பான். நம்பிக்கை இழந்த கருவி உள்ள இடத்தில் அந்த எச்சரிக்கையும் போய்விடும்.

கருவி எதைச் சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததும் ஆபத்தே. அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, வால்வை மூடும்படி கட்டளை போனதை மட்டுமே காட்டியது; வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. மூடிவிட்டது என்றே பணியாளர்கள் நம்பினர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது.

சிறு கவனங்கள், பெரிய விளைவுகள்

இன்றும் ஆலைகளில் பெருவழக்காக உள்ள அழுத்தமானி, பிரான்சைச் சேர்ந்த யூஜின் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற எளிய வடிவம்தான். தட்டையாக்கி அரைவட்டமாக வளைத்த உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிர முயலும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். எளிமையே அதன் வலிமை. ஆனால், பொருத்துவதில் கவனம் தவறினால் அந்த எளிய கருவியும் கெடும்.

கருவியியல் பணியில் இருந்தவன் என்ற முறையில், நான் மீண்டும் மீண்டும் கண்ட குறைகள் சில. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் உள்ள நீராவியின் வெப்பம் 180 பாகை செல்சியஸைத் தாண்டும். அது நேராக அழுத்தமானிக்குள் நுழைந்தால் உள்குழாய் இளகிக் கெட்டுவிடும். அதனால்தான் இடையில் சுருள் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதில் நீர் தேங்கி நிற்கச் செய்கிறோம். இடம் போதவில்லை என்று அந்தச் சுருளைக் கழற்றிவிடும் ஆலைகள் உண்டு. கொதிகலனின் உச்சியிலிருந்து குழாய் இழுத்து, ஆள் பார்க்க வசதியாகக் கீழே அழுத்தமானியை வைப்பதும் வழக்கம். அது சரியே. ஆனால், குழாயில் நிற்கும் நீரின் எடையும் முள்ளில் சேரும். பத்து மீட்டர் உயர நீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கூடும். அதைக் கழிக்க வேண்டும் என்று எழுதிவைக்காத இடத்தில், அதைத் தெரிந்தவர் பணி ஓய்வு பெற்றதும் அறிவும் அவரோடு போய்விடும்.

கழற்றுவதிலும் விதி உண்டு. அடைப்பு வால்வை மூடினால் மட்டும் போதாது. இடைக்குழாயில் சிக்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பின்பே கழற்ற வேண்டும். கருவியின் வட்டமான உடலைப் பிடித்துத் திருகாமல், அதன் கழுத்தில் உள்ள சதுரப் பகுதியில் ஸ்பேனர் போட வேண்டும். ஆக்சிஜன் குழாயில் பொருத்தும் அழுத்தமானியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவே தீப்பற்றும். மருத்துவமனைகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஓர் அரிசி ஆலையில், அடுப்பு அணைந்து கலன் முற்றிலும் ஆறியிருந்த வேளையிலும் முள் 2இல் நின்றதைப் பார்த்தேன். அது வெகுநாளாகவே அப்படித்தான் நிற்கிறது, இரண்டைக் கழித்துப் பார்த்துக்கொள்வோம் என்று விளக்கம் கிடைத்தது. சுழியத்துக்குத் திரும்பாத முள் எல்லா அளவிலும் அதே இரண்டைத்தான் கூட்டிக் காட்டும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அடியில் கூட்டிக் காட்டுவது உச்சியில் குறைத்துக் காட்டவும் கூடும். ஆபத்து இருப்பதோ உச்சியில்தான்.

மலையில் ஒரு கணக்கு

கல்வராயன் மலை ஊர்களுக்கு மட்டும் உரிய கணக்கு ஒன்றும் உண்டு. அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். மலைமேல் காற்றழுத்தம் குறைவு. அறுவைக் கருவிகளை நீராவியில் தூய்மை செய்யும் ஆட்டோகிளேவ் சமவெளியில் 15 பவுண்டு காட்டினால் உள்ளே வெப்பம் 121 பாகை. மூவாயிரம் அடி உயரத்தில் அதே 15 பவுண்டு காட்டும்போது வெப்பம் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை குறைவாக இருக்கும். அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டால், வெப்பத்தை நன்கு தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் அழியும் வேகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆயிரம் அடிக்கு அரைப் பவுண்டு கூட்ட வேண்டும் என்பது பழைய நடைமுறை விதி. வெப்பமானியைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுவது அதைவிடச் சிறந்தது. சமவெளியில் அச்சிட்ட வழிகாட்டி அட்டையை மலையில் உள்ள சுகாதார நிலையத்தின் சுவரில் அப்படியே ஒட்டிவைப்பது போதாது. இங்கே கருவி பழுதில்லை. அதைப் படிக்கும் முறைதான் இடத்துக்குப் பொருந்தவில்லை.

சட்டம் மாறுகிறது, பழக்கம்?

1863இல் கல்கத்தாவில் நேர்ந்த கொதிகலன் வெடிப்புதான் இந்தியாவில் கொதிகலன் சட்டத்துக்கு வித்திட்டது. நாடு முழுமைக்குமாக 1923இல் வந்த சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, அதன் இடத்தில் 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. சிறு குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, உயிரிழப்புக்கு வழிவகுக்கக்கூடிய பெருங்குற்றங்களுக்கு மட்டும் அது தொடர்கிறது. தொழில் நடத்துவோரைத் தேவையின்றி அலைக்கழிக்கக் கூடாது என்ற நோக்கில் தவறில்லை.

ஆனால், இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மின்சாரத்தால் இயங்கும் ஓர் இடம் ‘தொழிற்சாலை’ எனக் கொள்ளப்படத் தேவையான தொழிலாளர் எண்ணிக்கை 10இலிருந்து 20ஆக உயர்ந்திருக்கிறது. கொதிகலன் சட்டம் ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஆனால், காற்று அமுக்கிகளின் கலன்கள் போன்ற மற்ற அழுத்தக் கலன்களைப் பெரிதும் கண்காணித்துவந்தவை தொழிற்சாலை விதிகளே. அழுத்தமானி எளிதில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உள்ளழுத்தத்தை எப்போதும் சரியாகக் காட்ட வேண்டும், உச்ச வரம்பில் சிவப்புக் கோடு இருக்க வேண்டும் என்பவை அவ்விதிகள் வலியுறுத்துபவை. பதினைந்து பேர் வேலை செய்யும் ஆலையில் கலன் வெடித்தால், அது ஆள் எண்ணிக்கையைக் கேட்டு வெடிக்காது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அழுத்தமானி பொய் சொன்னாலும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதே என்பார்கள். பாதுகாப்பு வால்வு கடைசி அரண்தான். அது எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதை ஆலையில் எதைப் பார்த்து அறிகிறோம்? அதே அழுத்தமானியைப் பார்த்துத்தான். முள் குறைத்துக் காட்டினால் வால்வின் அமைப்பும் அதற்கேற்பத் தவறும். அரணையும் காவலனையும் ஒரே பிழை வீழ்த்திவிடும்.

செய்யக்கூடியவை

தேவைப்படுவது பெருஞ்செலவு அன்று. முதலாவதாக, கொதிகலனுக்குச் சான்று வழங்கும்போது அதில் பொருத்தியுள்ள அழுத்தமானியின் எண்ணையும், அது கடைசியாகத் தரமான கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட நாளையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாவதாக, சரிபார்க்கும் வசதி மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். எடைக்கற்களைக் கொண்டு அழுத்தம் உண்டாக்கி ஒப்பிடும் சோதனைக் கருவி ஒன்று போதும். அதை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வைத்து, குறைந்த கட்டணத்தில் சிறு ஆலைகளுக்குச் சேவை வழங்கலாம். கருவிப் பராமரிப்பு அந்நிலையங்களில் கற்பிக்கத்தக்க தொழிற்பிரிவுதான். கரியாலூரிலிருந்தும் சுற்றியுள்ள மலை ஊர்களிலிருந்தும் கூலி வேலை தேடி வெளியூர்களுக்குப் போகும் இளைஞர்களுக்கு, மலையடிவாரத்திலேயே மதிப்புள்ள ஒரு தொழில் இதனால் கிடைக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. முள் வழக்கத்துக்கு மாறாக நகர்வதைப் பார்க்கும் தொழிலாளி, அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், இயக்கத்தை நிறுத்தும்படி சொல்லலாம்; பிறகு அது வீண் எச்சரிக்கை என்று தெரிந்தாலும் அவர் வேலைக்கோ கூலிக்கோ பங்கம் வரக் கூடாது. இதை ஒவ்வோர் ஆலையும் எழுத்தில் தர வேண்டும். கருவியைச் சரிபார்த்துவிட்டு, அதைப் படிப்பவரின் வாயை அடைத்தால் பயன் இல்லை.

மாவட்ட நிர்வாகமும் கொதிகலன் இயக்குநரகமும் மனம்வைத்தால், அடுத்த அரவைப் பருவம் தொடங்குவதற்குள் கள்ளக்குறிச்சி மாவட்ட ஆலைகளின் அழுத்தமானிகள் அனைத்தையும் ஒருமுறை சோதித்துவிட முடியும். கலன் ஆறியிருக்கும்போது முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.