அறை வெப்பநிலை என்றால் யாருடைய அறை?

போன சித்திரையில் ஒரு நாள். வெளியூரில் ஆராய்ச்சி செய்யும் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் திண்டுக்கல் வந்தபோது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம், லேசாக நீலம் தட்டியது. "மைக்ரோஜெல்டா, பத்திரமா வச்சுக்கோ" என்றார்.

காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தபோது தெளிவாகத்தான் இருந்தது. மதியம் ஒரு மணிக்கு அறையில் எடுத்துப் பார்த்தால், பால் ஊற்றியது போல வெள்ளை! கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கொட்டப் போனேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று போன் செய்தேன். அண்ணன் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உன் ரூம்ல இப்ப எத்தனை டிகிரி?"

தெர்மாமீட்டர் 36 காட்டியது. குப்பியை மண்பானைத் தண்ணீருக்குள் பத்து நிமிடம் வைத்தேன். மறுபடி தெளிந்துவிட்டது :)

நடந்தது இதுதான். அந்தக் குப்பியில் இருந்தது பிநிபாம் என்று செல்லமாக அழைக்கப்படும் பாலிமர். முழுப் பெயர் பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு. அதன் சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத பஞ்சு உருண்டைகளாக ஆக்கியதுதான் மைக்ரோஜெல். குளிர்ச்சியாக இருக்கும்போது தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். உருண்டை ஊதிப்போய், பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும். சுமார் 32 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பிடி தளர்கிறது. சங்கிலியில் தண்ணீர் பிடிக்காத பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது. விட்டம் பாதியானால் கனஅளவு எட்டில் ஒரு பங்கு! சுருங்கிய உருண்டையில் பாலிமர் நெருக்கமாக இருப்பதால் ஒளி சிதறுகிறது, வெள்ளையாகத் தெரிகிறது. ஆற வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

உருண்டை முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. தயாரிக்கும்போது முடிச்சுப் போடும் பொருள் முதலிலேயே வேகமாகத் தீர்ந்துவிடுவதால் நடுவில் முடிச்சு அதிகம், ஓரத்தில் குறைவு. அதாவது நடுவில் இறுக்கம், வெளியே தளர்ந்த இழைகள். சூடேறும்போது அந்தத் தளர்ந்த ஓரமும் உள்ளே ஒடுங்கி, கிட்டத்தட்ட சீரான பந்து போல ஆகிவிடுகிறது.

நம் வீட்டுக் கடல்பாசி இதற்கு நேர் எதிர். அது சூட்டில் கரையும், ஆறினால் கெட்டியாகும். அதனால்தான் இது நமக்கு விநோதமாகத் தெரிகிறது. ஆனால் புதுசு இல்லை. இந்தப் பாலிமரின் குணத்தை ஹெஸ்கின்ஸ், கில்லெட் இருவரும் 1968-லேயே எழுதிவிட்டார்கள். பெல்டனும் சிபான்டேயும் அதை மைக்ரோஜெல் துகள்களாக்கியது 1986-ல்.

சரி, இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

32 என்பது மருத்துவத்துக்கு அருமையான எண். உடல் 37, குளிரூட்டிய ஆய்வகம் 25; நடுவில் ஒரு சுவிட்ச். "அறை வெப்பநிலையில் திரவம், உடலுக்குள் போனால் கெட்டி" என்று ஊசி மருந்துக்காக ஜெல்களை வடிவமைக்கிறார்கள். யாருடைய அறை? ஏசி இல்லாத நம்மூர் மருந்தகத்தில் சித்திரை மதியத்தில் அது ஊசியிலேயே கெட்டியாகி நிற்காதா? இன்னொரு வேடிக்கை பாருங்கள். கொடைக்கானலும் நம் மாவட்டம்தான். அதே குப்பி அங்கே கோடை மதியத்திலும் தெளிவாக இருக்கும். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே "அறை வெப்பநிலை" இரண்டு அர்த்தம் சொல்கிறது.

உப்புத் தண்ணீர் இன்னொரு சிக்கல். உப்பு கூடக் கூட இந்தச் சுவிட்ச் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே விழுந்துவிடும், சுருங்கிய துகள்கள் ஒன்றாகத் திரளவும் செய்யும். காய்ச்சி வடித்த நீரில் எடுத்த எண்ணை நம்மூர் போர் தண்ணீருக்கு அப்படியே பொருத்த முடியாது.

"சூடானா தண்ணி விடுற ஜெல்லுன்னா வறண்ட காட்டுக்கு அதையே போடலாமே?" என்று நண்பன் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் மண் மேல்பரப்பு கொதிக்கிற நேரத்தில் தண்ணீரைக் கக்கினால், வேர் குடிப்பதற்குள் வெயில் குடித்துவிடும். தவிர, இது எளிதில் மட்காத செயற்கைப் பாலிமர். நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டத்தில் இதைக் கொட்டச் சொல்ல எனக்கு மனசு வராது.

டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல்லை இங்கே சொல்ல வேண்டும். செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டது, தன் எடையைப் போல 350 மடங்குக்குக் குறையாமல் தண்ணீர் உறிஞ்சும் என்கிறார்கள். முக்கியமான விஷயம், அது அதிகமாக உறிஞ்சுவது 40 முதல் 50 டிகிரி வரையான சூட்டில். அதாவது செய்தவர்கள் முதலில் வறண்ட நிலத்து மண்ணின் சூட்டைக் கேட்டிருக்கிறார்கள், பிறகு பொருளைச் செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த வரிசைதான்.

பிநிபாமிலும் இது முடியும். தண்ணீர் பிடிக்கும் மூலக்கூறைக் கொஞ்சம் சேர்த்தால் சுவிட்ச் 32-லிருந்து மேலே ஏறும். தண்ணீர் பிடிக்காததைச் சேர்த்தால் கீழே இறங்கும். எண் கல்லில் செதுக்கியது இல்லை. நம் ஊருக்கு என்ன எண் வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முதலில் அளக்க வேண்டும்.

நம்மில் எத்தனை பேர் ரெக்கார்ட் நோட்டில் தெர்மாமீட்டரைப் பார்க்காமலே "அறை வெப்பநிலை: 25" என்று எழுதியிருக்கிறோம்? நானும்தான். போனில் அந்த ஒரு கேள்வி வராமல் இருந்திருந்தால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பொருளை "கெட்டுவிட்டது" என்று எழுதிச் சிங்க்கில் கொட்டியிருப்பேன்.

அன்றைய பக்கத்தில் இப்போது "36" என்று இருக்கிறது. நாளைக்கு லேபில் நுழைந்ததும் நீங்களும் ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பாருங்கள். எத்தனை என்று எனக்கும் சொல்லுங்கள்.