டிசம்பரில் பிறந்தவன்

கனடா நாட்டில் குளிர்காலம் நீண்டது. ஏரிகளும் குளங்களும் பாறைபோல் உறைந்து கிடக்கும். நடை பழகிய சில ஆண்டுகளிலேயே அந்நாட்டுச் சிறுவர் சறுக்குக் காலணி பூட்டி, வளைந்த மட்டையால் ரப்பர் வட்டை விரட்டத் தொடங்குகின்றனர். பனிக்கட்டி ஹாக்கி என்னும் அவ்வாட்டத்தில் 16 முதல் 20 வயது வரையுள்ளோர் ஆடுதற்கு மூன்று பெரிய இளையோர் லீகுகள் உள்ளன. அவற்றின் குழுக்கள் 15 வயதை ஒட்டியே சிறுவரைத் தெரிந்தெடுத்துவிடுகின்றன. தெரிந்தெடுக்கப்படாதவனுக்கும் வாயில் முற்றும் அடைபடுவதில்லை; கோடை இறுதியில் நடைபெறும் பயிற்சி முகாமிற்கு அவனும் அழைக்கப்படலாம். ஆயினும் சென்ற ஆண்டு ஆடியோர் பலர் திரும்பி வருவர். எஞ்சிய சில இடங்களுக்கே புதியோர் போட்டியிட வேண்டும். சில நாள்களில் முடிவும் அறிவிக்கப்பட்டுவிடும். ஆண்டுக்கணக்கில் வைகறையில் எழுந்து பழகியவனின் உழைப்பைச் சில நாள்களில் எடைபோடுதல் எளிதோ?

எடைபோடும் தராசிலும் ஒரு கோணல் உண்டு. சிறுவரை வயதுவாரியாகப் பிரிக்குங்கால் ஜனவரி முதல் நாளே எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே, ஜனவரியில் பிறந்தவனும் அவ்வாண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவினர். பத்து வயதுச் சிறுவரிடையே ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி சிறிய வேற்றுமையன்று. மூத்தவன் உயரத்தாலும் வலிமையாலும் முந்துகிறான். முந்துபவனையே பயிற்சியாளர் மிகுதியும் ஆடவிடுகின்றனர். ஆட ஆட அவன் திறமை பெருகுகிறது. உளவியல் அறிஞர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர்தம் உடனாய்வாளரும் 1985-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். இளையோர் லீகுகளில் ஆண்டின் முதல் மூன்று திங்களில் பிறந்தோர் மிகுந்தும், இறுதி மூன்று திங்களில் பிறந்தோர் குறைந்தும் காணப்பட்டனர். திறமை திங்கள் பார்த்தா பிறக்கிறது? தேர்வாளர் பலகால் கண்டது திறமையை அன்று, முந்திய வளர்ச்சியையே.

மார்க் ஜியோர்டானோ 1983 அக்டோபரில் டொரண்டோவில் பிறந்தவர். ஓவன் சவுண்ட் என்னும் ஊரின் இளையோர் குழுவில் 2002 முதல் இரண்டு பருவங்கள் ஆடினார். தேசிய ஹாக்கி லீகின் ஆண்டுத் தேர்வில் அவரைத் தெரிந்தெடுத்தவர் எவருமிலர். 2004-இல் கால்கரி குழு அவரைத் தன் முகாமிற்கு அழைத்து, ஆடக் கண்டபின் சேர்த்துக்கொண்டது. 2013-இல் அவர் அக்குழுவின் தலைவரானார். 2019-இல், தம் 35-ஆம் வயதில், அந்த லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குரிய நாரிஸ் கோப்பையைப் பெற்றார்.

வெற்றி தேடும் பயிற்சியாளருக்குப் பொறுமை காக்க நேரமில்லை என்பர். அதுவும் உண்மையே. எனினும் முகாமில் விடுபட்ட சிலரின் பெயரைக் குறித்து வைத்து, பருவத்தின் நடுவே ஓரிரு ஆட்டங்களுக்கு அழைக்கும் வழக்கம் இப்போதே உண்டு. காயமுற்றவன் இடத்தை நிரப்புதற்கு மட்டுமன்றி, பிந்தி வளர்ந்தவனை மறுமுறை காண்பதற்கும் அவ்வழைப்பு பயன்பட வேண்டும்.